நீக்கமா, விடுவிப்பா: போதையில் சறுக்கிய படைவீரருக்கு மறுபரிசீலனை எங்கே?

2023 ஆகஸ்டில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் இறந்தார். ராகிங் கொடுமை என்று கொல்கத்தாவே கொந்தளித்தது. அடுத்த சில வாரங்களில் நிர்வாகம் எடுத்த முடிவுகளில் மூன்று நமக்கு இங்கே வேண்டும்: கண்காணிப்புக் கேமராக்கள், வளாகத்தில் மதுவும் போதைப்பொருளும் கூடாது என்ற அறிவிப்பு, காவல் பணிக்கு முன்னாள் ராணுவத்தினர். கேமராவைப் பற்றி மாணவர்கள் வேண்டிய மட்டும் சண்டை போட்டுவிட்டார்கள். எனக்கு வேறொரு சந்தேகம். வாசலில் நின்று மாணவரின் பையைச் சோதிக்க வேண்டியவர், தானே ஒரு காலத்தில் முகாமில் கஞ்சாவாலோ குடியாலோ வெளியேற்றப்பட்டவராக இருந்தால்?

அப்படிப்பட்டவர் முன்னாள் ராணுவத்தினர் என்ற பெயரோடு அந்த வாசலுக்கு வந்துசேர்வது கடினம். மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் ராணுவத்தினரை அமர்த்துவதற்கான விதிகள் 1979இல் வந்தன, 2012இல் திருத்தப்பட்டன. பென்ஷனுக்குரிய காலத்தை முடித்து வெளியே வந்தவர், பணியால் நேர்ந்த உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்டு அதற்கான பென்ஷன் பெறுபவர், ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவர், ஒப்பந்தக் காலம் முடித்துப் பணிக்கொடை பெற்றவர் ஆகியோர் அதன்படி முன்னாள் ராணுவத்தினர். கடைசிப் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. பணிநீக்கம் செய்யப்பட்டவரும், ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ விடுவிக்கப்பட்டவரும் கணக்கில் வரமாட்டார்கள். பத்தாண்டுகள் சியாச்சினில் நின்றிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் முன்னாள் ராணுவத்தினர் அல்லர். இட ஒதுக்கீடு இல்லை, கேண்டீன் கார்டு இல்லை, 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படையினர் மருத்துவத் திட்டமும் இல்லை.

இப்படி வெளியேறியவர் தன் வெளியேற்றத்தின் தரத்தை உயர்த்திக் கொடுங்கள் என்று எங்கே போய்க் கேட்பது? அமெரிக்காவில் இதற்கென்றே வாரியங்கள் உண்டு. அதை முழுநேரத் தொழிலாகச் செய்யும் வழக்கறிஞர்களும் உண்டு. இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நேரான கதவு இல்லை. சுற்றுவழிகள் இருக்கின்றன. அந்த வழிகளில் நுழைகிறவரிடம் நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் இரண்டே: எத்தனை வருடம் பணி செய்தாய், உன் மேலதிகாரி நடைமுறையைச் சரியாகப் பின்பற்றினாரா. ஏன் போதையைத் தொட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. நம் முறையின் பெரிய ஓட்டை அதுதான் என்பது என் கட்சி.

முதலில் வெளியேற்றத்தின் வகைகள். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் அமெரிக்காவைப் போல ஐந்து படி வைக்கவில்லை. அதிகாரிகளுக்கு மட்டும் உரிய அவமானத்துடன் கூடிய பதவிப் பறிப்பு ஒன்று இருக்கிறது. மற்றபடி நீக்கம், அகற்றல், விடுவிப்பு ஆகிய மூன்றே. நீக்கம் ராணுவ நீதிமன்றத் தண்டனையாகவும் வரலாம், நிர்வாக உத்தரவாகவும் வரலாம். விடுவிப்பு என்பது 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13ஆம் விதிப்படி நடப்பது. சொந்த விருப்பத்தில் போகிறவர், வயது முடிந்து போகிறவர், மருத்துவக் காரணத்தால் போகிறவர், இனி உன் சேவை தேவையில்லை என்று அனுப்பப்படுகிறவர், எல்லோரும் இந்த ஒரே விதியின் கீழ் வருகிறார்கள். ஒழுங்கீனத்துக்காக அனுப்பப்படுபவர் பெரும்பாலும் அந்தக் கடைசி வகையில் அடங்குவார்.

பணத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுதான் எல்லாம். ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் விதி, நீக்கப்பட்டவர் அதுவரை செய்த முழுப் பணிக்கும் பென்ஷனையும் பணிக்கொடையையும் இழக்கிறார் என்கிறது. விதிவிலக்கான நேர்வுகளில் அரசு மனது வைத்து ஏதாவது கொடுக்கலாம். விடுவிக்கப்பட்டவரோ தகுதியை இழப்பதில்லை. ஜவானுக்கு அந்தத் தகுதி 15 ஆண்டு. ஓராண்டு வரை குறைந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் 2001இலிருந்து படைத் தலைமையகங்களுக்கு இருக்கிறது. ஆகவே இந்தியப் படைவீரர் நடத்தும் தர உயர்வு வழக்கு என்பது நடைமுறையில் இதுதான்: என் நீக்கத்தை விடுவிப்பாக மாற்றுங்கள், அல்லது பதினைந்து ஆண்டு முடியும்வரை நான் பணியில் இருந்ததாகக் கொள்ளுங்கள். வேலூர் மாவட்டத்தில் ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஊரில், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவருக்கு மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறதா இல்லையா என்பது தெருவுக்கே தெரியும். அங்கே இது பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை.

போதை எந்த வழியில் வெளியேற்றமாகிறது என்று பார்ப்போம். ராணுவச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதைமயக்கத்தில் காணப்படுவதைக் குற்றமாக்குகிறது. ஜவானுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. போர்ப்பணியிலோ கடமையிலோ இல்லாத நேரமென்றால் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. எந்தப் பொருளால் வந்த மயக்கம் என்று பிரிவு பார்ப்பதில்லை. சாராயம், கஞ்சா, ஹெராயின் எல்லாம் அதற்கு ஒன்றுதான். நல்லொழுங்கைக் குலைக்கும் செயலைத் தண்டிக்கும் 63ஆம் பிரிவும் கைவசம் இருக்கிறது. போதைப்பொருளை வைத்திருந்தால் சிவில் குற்றத்தை ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்க உதவும் 69ஆம் பிரிவு வழியாக 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் உள்ளே வரும்.

ஆனால் பெரும்பாலான விவகாரம் இவ்வளவு தூரம் போவதில்லை. ராணுவச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் சி.ஓ. எனப்படும் கமாண்டிங் ஆபீசரே 28 நாள் வரை ராணுவக் காவலில் அடைக்கலாம், கண்டிக்கலாம், சம்பளத்தில் அபராதம் போடலாம். கடுமையான தண்டனைகள் நடத்தைத் தாளில் சிவப்பு மையிலும் மற்றவை கறுப்பு மையிலும் பதிவாகும். பட்டாளத்தில் இதற்குப் பெயர் ரெட் இங்க் என்ட்ரி. நான்கு ரெட் இங்க் விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற நம்பிக்கை முகாமுக்கு முகாம் பரவியிருக்கிறது. பல அதிகாரிகளும் அதை நம்பினார்கள்.

குடியைப் பற்றிய ராணுவத்தின் மனதே இரண்டாகத்தான் இருக்கிறது. சலுகை விலையில் ரம் விற்பது அதன் கேண்டீன். மிலிட்டரி சரக்கு என்று சொன்னாலே தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் ஒரு தனி மரியாதை. 1991இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முன்னாள் நாயக் சர்தார் சிங் வழக்கு இதைத்தான் பேசியது. விடுப்பில் ஊருக்குக் கிளம்பியவரிடம் அனுமதித்த அளவைத் தாண்டி ரம் பாட்டில்கள் இருந்தன. சம்மரி கோர்ட் மார்ஷல் மூன்று மாதக் கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது. குற்றத்துக்குத் தண்டனை பொருந்தவே இல்லை, குறைந்த தண்டனையை யோசியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. நம்மூரில் ஒரு போதைப் பொருள் காரணமாக நீக்கப்பட்ட படைவீரர் மறுபரிசீலனையில் வென்ற தெளிவான எடுத்துக்காட்டு இதுதான். அவர் அந்தச் சரக்கைக் குடித்ததாகக் குற்றச்சாட்டு இல்லை, அளவுக்கு மேல் எடுத்துச்சென்றார் என்பதே வழக்கு.

அந்தத் தீர்ப்புக்கு வழி திறந்தது 1987இன் ரஞ்சித் தாக்கூர் வழக்கு. சிக்னல் பிரிவு ஜவான். தன் கமாண்டிங் ஆபீசர் மீது மேலிடத்துக்கு நேரே புகார் எழுதியதற்காக 28 நாள் தண்டனை பெற்றார். காவலில் இருந்தபோது சாப்பிட மறுத்தார் என்று அடுத்த குற்றச்சாட்டு வந்தது. அவர் புகார் சொன்ன அதே அதிகாரி உட்கார்ந்திருந்த சம்மரி கோர்ட் மார்ஷல் ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதித்தது. நீதிபதி வெங்கடாசலய்யா எழுதிய தீர்ப்பு, பாரபட்சம் ஒரு பக்கம் இருக்க, மனசாட்சியை உலுக்கும் அளவுக்குப் பொருந்தாத தண்டனையே தன்னளவில் பாரபட்சத்தின் சான்று என்ற நிலைக்குப் போனது. ஆனால் 2001இல் ஆர்.கே. சர்மா வழக்கில் அதே நீதிமன்றம் இந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டது. அனுதாபம் வந்தது என்பதற்காகத் தண்டனையில் கைவைக்க முடியாது என்றது.

சம்மரி கோர்ட் மார்ஷல் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே சி.ஓ. ஒருவரே நீதிமன்றம். கூட இரண்டு அதிகாரிகளோ ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகளோ உட்கார்ந்திருப்பார்கள், வாக்களிக்க மாட்டார்கள். பதினெட்டு ஆண்டுப் பணியையும் பென்ஷனையும் ஒரே பிற்பகலில் காலி செய்யும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடனடி நடவடிக்கை உண்மையிலேயே தேவைப்படும் விதிவிலக்கான நேரத்தில் மட்டுமே இதை எடுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. முகாமில் ஒருவர் கஞ்சாவோடு பிடிபட்டால் அது உடனடித் தேவையா? ஒழுங்கு மற்றவர்களிடமும் குலைந்துவிடும் என்று அதிகாரி சொல்வார். காவலில் அடைத்த பிறகு குலைய என்ன இருக்கிறது என்று வழக்கறிஞர் கேட்பார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

நான்கு ரெட் இங்க் கதைக்குத் திரும்புகிறேன். இந்த விஷயத்தில் சட்டம் நன்றாக வேலை செய்த இடம் அதுதான். 1988 டிசம்பர் 28இல் ராணுவத் தலைமையகம் ஒரு கொள்கைக் கடிதம் அனுப்பியது. நான்கு பதிவு விழுந்தவரை அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. முதலில் பாரபட்சமற்ற பூர்வாங்க விசாரணை நடக்க வேண்டும். காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். ஒவ்வொரு பதிவும் என்ன குற்றத்துக்கு விழுந்தது என்று பார்க்க வேண்டும். பென்ஷனை நெருங்கியவரிடம் கடுமை காட்டக் கூடாது. நீண்ட பணியையும், கடினமான நிலையங்களில் இருந்ததையும், அங்கே வாழ்ந்த சூழலையும் எடைபோட வேண்டும் என்றெல்லாம் அது சொல்லியது. படிக்கப் படிக்க, இதை எழுதிய அதிகாரி ஜவான்களோடு பழகியவர் என்று தோன்றுகிறது.

கடிதம் நல்லது, அதைப் பின்பற்றியவர்கள் குறைவு. 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அரசு சொன்ன பதில், விதியில் இல்லாத விசாரணையை வெறும் கடிதம் கட்டாயமாக்க முடியாது என்பதுதான். துபே பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் பணி செய்தவர். சிவப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். நீதிபதி டி.எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு, எதேச்சாதிகாரம் கூடாது என்பதற்காக நீங்களே உங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டை மீற உங்களுக்கு உரிமை இல்லை என்றது. திரும்பச் சீருடை போட வயது கடந்திருந்தது. பென்ஷனுக்குத் தேவையான காலம் வரை பணியில் இருந்ததாகக் கொள்ளுங்கள் என்று தீர்ப்பானது. 2016இல் விஜய் சங்கர் மிஸ்ரா வழக்கிலும் இதே நியாயம். 2019இல் சத்குர் சிங் வழக்கில் காற்று திசை மாறியது: நோட்டீஸ் கொடுத்தார்கள், பதிலைப் பரிசீலித்தார்கள், அதற்குமேல் விரிவான விசாரணை தேவையில்லை என்று விடுவிப்பு நிலைநிறுத்தப்பட்டது. விமானப்படையில் இதைவிடக் கெடுபிடி. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவரைப் பணிக்குப் பொருந்தாதவர் என்று அனுப்புவது தண்டனையே அல்ல என்று 1996இல் கார்ப்பரல் பக்‌ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது தண்டனை இல்லை என்று சொல்வதைக் கேட்டு அந்தக் கார்ப்பரல் ஆறுதல் அடைந்திருப்பாரா தெரியவில்லை.

இந்தத் தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புலப்படும். ஜெயித்தவர்கள் நடைமுறைப் பிழையைக் காட்டி ஜெயித்தார்கள். தோற்றவர்களிடம் காட்ட அப்படிப் பிழை இல்லை. ஒரு ஜவான் ஏன் நான்கு தடவை போதையில் பிடிபட்டார் என்று நீதிபதி கேட்கிற இடமே இந்த முறையில் அமையவில்லை.

கேட்டிருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. படைவீரரின் உடல்நிலையை ஷேப் என்ற ஐந்தெழுத்துக் குறியீட்டால் மதிப்பிடுவார்கள். முதலெழுத்து மனநிலையைக் குறிக்கும். குடிக்கு அடிமையானவர் என்று மனநல மருத்துவர் கண்டால் அந்த எழுத்தில் தாழ்த்துவார்; யூனிட்டிலிருந்து சி.ஓ. எழுதும் நடத்தை அறிக்கையும் அவர் மேசைக்கு வரும். கிழக்குப் பிராந்தியத்தில் இத்தகையவர்கள் வந்து சேரும் பெரிய இடம் அலிப்பூரில் உள்ள கமாண்ட் மருத்துவமனை. ஜாதவ்பூரிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே அவர் நோயாளி. யூனிட்டுக்குத் திரும்பினால் குற்றவாளி. ஒரே மனிதர், ஒரே பழக்கம், இரண்டு கோப்புகள்.

நோயாளி என்ற கோப்பே வென்றாலும் பென்ஷன் கிடைப்பது அரிது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய கதவைத் திறந்தது: சேரும்போது நல்ல உடல்நிலையில் எடுத்த வீரருக்குப் பின்னால் நோய் வந்தால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும்; இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. ஆயிரக்கணக்கானோருக்கு உதவிய தீர்ப்பு. போதை அடிமைக்கு அது எட்டவில்லை. ஊனத் தகுதி விதிகள், மது, புகையிலை, போதைப்பொருள் ஆகியவற்றின் மிதமிஞ்சிய பயன்பாட்டால் வரும் பாதிப்புக்கு இழப்பீடு கிடையாது, ஏனென்றால் அது அவரவர் கட்டுப்பாட்டில் உள்ள விஷயம் என்று முடிவு கட்டிவிட்டன. அடிமைத்தனத்தை நோய் என்று எழுதித்தரும் மருத்துவரும், அது சுயகட்டுப்பாட்டில் உள்ளது என்று எழுதிவைத்த விதியும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன.

சாதாரணக் குடிமகனுக்குச் சட்டம் இதைவிட இரக்கம் காட்டுகிறது என்பதுதான் விசித்திரம். கடுமைக்குப் பேர்போன 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே, நுகர்ந்த குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமை, அரசு அங்கீகரித்த இடத்தில் தானாகச் சிகிச்சைக்கு வந்து முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. 39ஆம் பிரிவு தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஜாதவ்பூர் மாணவர் கஞ்சாவோடு பிடிபட்டால் இந்தச் சலுகையைக் கேட்கலாம். அதே கஞ்சாவோடு பிடிபட்ட அவருடைய அண்ணன் பட்டாளத்தில் இருந்தால், நல்லொழுங்குப் பிரிவு அவரைத் தனியாகத் தேடி வரும்.

படையில் கஞ்சா புகுந்துவிட்டதோ என்ற கவலை புதிதில்லை. பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் 1893 ஆகஸ்ட் 3இல் கூடியதும் கல்கத்தாவில்தான். மேக்வொர்த் யங் தலைவர். மூன்று இந்தியர்களும் உறுப்பினர்கள். வங்கத்தின் கஞ்சா ராஜ்ஷாகிப் பக்கம் நவோகாவில் அரசு மேற்பார்வையில் விளைந்துகொண்டிருந்த காலம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்ட ஆணையம், இந்தியப் படைப்பிரிவுகளிடமும் தனியாகக் கேள்விகள் அனுப்பிப் பதில்களை ஒரு துணைத் தொகுதியாகவே வெளியிட்டது. மிதமான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க கேடில்லை என்பது அதன் பொது முடிவு. 1985 நவம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன. 1980இல் கஞ்சா புகைத்த ஜவானும் 1990இல் புகைத்த ஜவானும் ஒரே சமூகத்தில் தவறு செய்தவர்கள் இல்லை. நடத்தைத் தாளில் இரண்டும் ஒரே சிவப்பு.

இந்த வேறுபாட்டை எடைபோடும் பழக்கம் அமெரிக்காவில் மெல்ல வந்திருக்கிறது. அந்தக் கதைக்கும் கொல்கத்தாவில் ஒரு நுனி இருக்கிறது. ஜாதவ்பூருக்குப் பக்கத்து விஜய்கர், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் புகுந்து குடியேறிய காலனி. அவர்கள் குடியேறிய இடம் இரண்டாம் உலகப் போர் முடிந்து காலியான படை முகாம். போர்க்காலக் கல்கத்தா முழுக்க அமெரிக்கச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் யாரையாவது விரும்பத்தகாத பழக்கத்துக்காக வெளியே அனுப்ப நேர்ந்தால் அன்றைய அமெரிக்க ராணுவம் ஒரு நீலத் தாளைக் கொடுத்தது. கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை என்று காகிதத்தில் சொல்லிக்கொண்டாலும் வேலை கொடுப்பவர் அந்த நிறத்தைக் கண்டதும் கதவைச் சாத்தினார். போதை அடிமைகள், ஒருபால் விருப்பம் கொண்டவர்கள், கறுப்பினச் சிப்பாய்கள் அதை அதிகம் வாங்கினார்கள். 1947இல் நீலத் தாள் ஒழிந்தது. அதற்கு முன்பே 1944ஆம் ஆண்டு போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் வெளியேற்ற மறுபரிசீலனை வாரியங்களை உண்டாக்கிவிட்டது: பதினைந்து ஆண்டுக்குள் மனுப்போட்டால் தாளை மாற்றித்தர முடியும். 1946இல் ராணுவப் பதிவேடுகளைத் திருத்தும் இன்னொரு வாரியமும் வந்தது.

வியட்நாம் இதைப் பெரிய கேள்வியாக்கியது. 1971இல் நாடு திரும்பும் ஒவ்வொரு சிப்பாயின் சிறுநீரும் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்புச் செயலர் மெல்வின் லேர்ட், சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும் மோசமான தரத்தில் வெளியேற்றப்பட்டவர்களின் தாள்களை மறுபடி பார்க்கச் சொன்னார். ஆய்வாளர் லீ ராபின்ஸ் அந்தத் தலைமுறையைப் பின்தொடர்ந்து கண்டது யாரும் எதிர்பார்க்காதது. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகித் திரும்பியவர்களில் மிகச் சிலரே முதல் ஆண்டில் மறுபடி அடிமையானார்கள், ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேர். இடம் மாறியதும் பழக்கம் உதிர்ந்தது. எல்லாம் அவரவர் கட்டுப்பாட்டில் உள்ளது என்ற விதிக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை.

பிறகு காற்று திரும்பியது. 1981 மே மாதம் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு விமானம் இறங்கும்போது மோதிப் பதினான்கு பேர் செத்தார்கள். இறந்த சிலரின் உடலில் மாரிஜுவானா தடயம் இருந்தது. துளியும் பொறுக்கமாட்டோம் என்று கப்பற்படை அறிவித்தது. விமானியின் உடலில் சளி மருந்து அளவுமீறி இருந்ததும் தெரியவந்தது. அதன்மேல் யாரும் போர் தொடுக்கவில்லை. முப்பது ஆண்டுக்குப் பின், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயம் பேசப்பட்டபோது, 2014இல் பாதுகாப்புச் செயலர் ஹேகல் பெயரிலும் 2017இல் அத்துறை அதிகாரி கர்ட்டா பெயரிலும் சுற்றறிக்கைகள் வந்தன. மனக்காயமோ மூளைக்காயமோ பணிக்காலத்தில் இருந்ததா, அது அந்தத் தவறை விளக்குகிறதா, தவறைவிட அதன் எடை அதிகமா என்று வாரியம் தாராள மனத்தோடு கேட்க வேண்டும். மாரிஜுவானா பயன்பாடு சில மாநிலங்களில் சட்டப்படி ஆகிவிட்டதால், பழைய காலத்தைவிட இன்று அது சிறிய குற்றமாகத் தோன்றலாம் என்றும் கர்ட்டா அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது.

அமெரிக்க முறையை நான் புகழவில்லை. மனக்காயத்தைப் பொருட்படுத்தாமல் மனுக்களைத் தள்ளுகிறார்கள் என்று தரைப்படை மீதும் கப்பற்படை மீதும் கூட்டு வழக்குகள் நடந்து சமரசத்தில் முடிந்தன. இருபது வயதில் செய்த தவறுக்கு அறுபது வயதில் தாள் மாறுவது நீதிக்கு நல்ல விளம்பரமில்லை. ஆனாலும் அங்கே காரணத்தைக் கேட்கும் ஒரு மேசை இருக்கிறது.

நம்மிடம் இருக்கும் கதவுகளை வரிசையில் சொல்லிவிடுகிறேன், தேவைப்படும் வீட்டுக்கு உதவும். ராணுவ நீதிமன்றத் தண்டனை என்றால் ராணுவச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் மனு. நிர்வாக உத்தரவு என்றால் ஜவானுக்கு 26, அதிகாரிக்கு 27ஆம் பிரிவில் சட்டப்படியான புகார். அதன் பிறகு 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 2009 ஆகஸ்டில் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நிர்வாக விவகாரத்துக்கு 14ஆம் பிரிவு, கோர்ட் மார்ஷல் மேல்முறையீட்டுக்கு 15. சம்மரி கோர்ட் மார்ஷல் பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதித்திருந்தால்தான் அங்கே எடுபடும். பணியில் இல்லாதவர் தான் வசிக்கும் ஊருக்குரிய அமர்வில் வழக்குப் போடலாம். லடாக்கில் அனுப்பப்பட்ட ஜாதவ்பூர்க்காரருக்குக் கொல்கத்தா அமர்வு, கம்மவான்பேட்டைக்காரருக்குச் சென்னை அமர்வு. கெடு பொதுவாக ஆறு மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் பொறுப்பார்கள். பென்ஷன் என்றால் மாதந்தோறும் தொடரும் அநீதி என்று வாதிட இடமுண்டு. ஆனால் 2008இன் தர்செம் சிங் தீர்ப்புப்படி பழைய பாக்கி பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும்தான். தீர்ப்பாயத்துக்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 2015இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் அதை மாற்றி, அரசியலமைப்பின் 226ஆம் பிரிவுக் கதவை மீண்டும் திறந்துவிட்டது.

வழக்கு நடத்துகிறவர் மருத்துவக் கோப்பை முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். எந்த நிலையத்தில் எத்தனை மாதம் இருந்தார், எப்போது முதல் சிவப்புப் பதிவு விழுந்தது, இடையில் மருத்துவமனைச் சேர்க்கை இருந்ததா என்று ஒரே தாளில் எழுதிக் காட்டினால், 1988 கடிதத்தின் கடினமான நிலையங்கள் என்ற வரியை அதன்மேல் ஏற்ற முடியும். காரணத்தைப் பேச நம் சட்டத்தில் இருக்கும் ஒரே கொக்கி அந்த வரிதான். அது அதிகாரி அல்லாத படைவீரர்களை விடுவிக்கும் நேர்வுக்கு எழுதப்பட்டது. கோர்ட் மார்ஷல் நீக்கத்துக்குப் பொருந்தாது. பாதுகாப்பு அமைச்சகம் நினைத்தால் அதே வரியை நீக்க வழக்குகளுக்கும் நீட்டலாம், ஊனத் தகுதி விதியில் மருத்துவர் அடிமைநோய் என்று சான்றளித்தவரை மட்டும் விலக்கலாம், 64ஏ போலச் சிகிச்சைக்குத் தானாக வந்த ஜவானுக்கு ஒரு தடவை பாதுகாப்புத் தரலாம். சாலையில் லாரியோட்டும் குடிகாரரை மன்னிக்கச் சொல்லவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர் மயக்கத்தில் இருப்பது பக்கத்துப் படுக்கைக்காரரின் உயிர்ப் பிரச்சினை. அவரைப் பணியிலிருந்து எடுப்பது சரி. எடுத்த பிறகு எந்தத் தாளைக் கையில் கொடுப்பது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வி விரைவில் புதிய உருவத்தில் வரப்போகிறது. 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் தொகுதி 2026 இறுதியில் நான்கு ஆண்டை முடிக்கிறது. நால்வரில் ஒருவருக்கு மேல் நிரந்தரமாக எடுக்கமாட்டார்கள். வெளியே வருபவருக்குப் பென்ஷன் இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் உள்ள ஒதுக்கீடும், காவல் வேலை தரும் தனியார் நிறுவனங்களும்தான் அவருடைய நம்பிக்கை. இரண்டாம் ஆண்டில் கஞ்சாவால் சிவப்புப் பதிவு வாங்கி அனுப்பப்பட்ட அக்னிவீரர் கொல்கத்தா அமர்வின் முன் நின்றால், துபேக்குக் கொடுத்த நிவாரணத்தை அவருக்குக் கொடுக்க முடியாது. பணியில் இருந்ததாகக் கொள்ளப் பதினைந்து ஆண்டும் இல்லை, மீட்டுத்தர பென்ஷனும் இல்லை. அவர் கேட்கக்கூடியது டிஸ்சார்ஜ் தாளில் உள்ள வார்த்தையை மாற்றித்தாருங்கள் என்பது ஒன்றைத்தான். அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவுகோலில் என்று எழுதிவைத்த விதி இன்றுவரை நம்மிடம் இல்லை.